கேக்காதுன்னுதான் பேசுனேன்

அந்தப் படத்துக்குக் கீழ எழுத்து ஓடுதே, அவுக பேசப் பேச, அதையா வாசிச்சுக்கிட்டு வாரே? காதுல ஒண்ணும் மாட்டலையேன்னு பாத்தேன். ஓ, பஸ்சுல மத்தவங்களுக்கு எடஞ்சலா இருக்கும்னு சத்தத்த அமத்தி வச்சிருக்கியா. நல்ல பழக்கம்மா. எட்டிப் பாக்கணும்னு பாக்கல, கோவிச்சுக்காத. எழுத்து ஓடுதேன்னு கேட்டேன். அந்த எழுத்து எங்க வீட்டுக்கும் வந்துச்சு. அது வந்துதான் எங்க வீடு இப்படி ஆச்சு.

நான் கோவில்பட்டியில எறங்கணும். நீ மதுரையா? சரி சரி. நான் பாளையங்கோட்டையில என் நாத்தனாவப் பாத்துட்டு வாரேன். செண்பகவல்லின்னு பேரு. நாங்க செம்பகம்னு கூப்பிடுவோம். கூப்பிடுவோம்னா என்ன, அவளுக்கா கேக்கும்? பெறந்ததுல இருந்தே காது கேக்காது. காது கேக்காததுனால பேச்சும் வரல. 'ம்மா'ம்பா, 'மைனி'ம்பா, மதினியத்தான் அப்படிச் சொல்லுவா. அம்புட்டுத்தான். மத்தபடி சத்தந்தான் வரும்.

ஆனா கொற சொல்லக் கூடாது, அறிவானவ. பாளையங்கோட்டையில காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குல்ல, அங்க ஆஸ்டல்ல தங்கிப் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சா. கம்ப்யூட்டர் படிச்சா. எங்க ஊருல ஒரு ஸ்டுடியோவுல கல்யாண ஆல்பம் போடுறதுதான் அவ வேல. போட்டோவுல மாப்பிள்ள கண்ண மூடிட்டான்னு வையி, வேற போட்டோவுல இருந்து அவன் கண்ணையே எடுத்து இதுல வச்சுருவா. ஒட்டுனதே தெரியாது. ஊருல பாதிப் பேரு கல்யாணம் அவ கையிலதான் அழகாச்சு. அவளுக்குத்தான் ஒண்ணும் அமையல. அமையலைன்னா நாங்களும் பெருசாத் தேடல. அவ இருக்கதுதான் எங்களுக்கும் நல்லதா இருந்துச்சு, வீட்டுல ஒரு ஆள் தொணைக்கு ஆச்சுல்ல.

எங்க மாமியா பேரு பேச்சியம்மா. பேருக்கேத்த பேச்சு. காலையில பல்லு வெளக்கையில ஆரம்பிச்சா படுக்கப் போற வரைக்கும் ஓயாது. யாருகூடப் பேசுவாக? எனக்கு அடுப்படி வேல. அவுக மகன், அதான் எங்க வீட்டுக்காரங்க, பெயிண்டுக் கடைக்குப் போயிருவாக. அதனால செம்பகத்துகிட்டத்தான். கேக்காத பிள்ளகிட்ட என்னத்தப் பேசுறீகன்னு வந்த புதுசுல கேட்டேன். 'கேக்காட்டா என்ன, ஒக்காந்திருக்கால்ல'ன்னாக. எல்லாத்தையும் சொல்லுவாக. எங்க மாமனாரு குடிச்சுட்டு வந்து அடிச்ச கத, நான் கொழம்புல உப்ப அள்ளிப் போட்ட கத, எதுத்த வீட்டுக்காரி ஏசுன ஏச்சு, எல்லாம். அவ அம்மா மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பா. அவுக சிரிச்சா சிரிப்பா, அழுதா கண்ணத் தொடச்சு விடுவா. என்ன ஏதுன்னு ஒண்ணும் தெரியாது.

நாங்க அவகிட்ட எப்படிப் பேசுவோம்னு கேக்கியா? சாப்பாட்டுக்கு ஒரு சைகை, தூங்க ஒரு சைகை, யாரோ வந்திருக்காகன்னா ஒண்ணு. ரொம்ப அவசரம்னா எழுதிக் காட்டுவோம். பள்ளிக்கூடத்துல அவ கையால சரசரன்னு பேசப் படிச்சிருக்கா. அதெல்லாம் நமக்கு எங்கம்மா வரும். படிக்கணும்னுதான் நானும் நெனச்சேன். எங்க இந்துஜா பெறந்தா, கடைக்குச் சோறு கட்டணும், மாமாவுக்கு மேலுக்கு முடியல. நேரம் ஓடிப் போச்சு.

இந்துஜா, எங்க மக, மெட்ராசுல வேல பாக்கா. போன தீவாளிக்கு முந்துன தீவாளிக்கு வந்தவ, 'அத்தைக்கு ஒண்ணு போட்டுத் தாரேன்'னு செம்பகத்தோட போன வாங்கி என்னமோ ஏத்துனா. நாம பேசுறத அது கேட்டுத் தமிழ்லயே எழுதிருமாம். அவ எழுதுனா அது வாய் தெறந்து பேசிருமாம். ஏஐன்னு சொன்னா. 'இனி அத்தைக்கு இதாம்மா காது'ன்னா.

அன்னைக்கு ஒரே சிரிப்பு. எல்லாரும் சுத்தி ஒக்காந்து ஆளுக்கொண்ணு பேசுறோம். நான் சோத்துக்குத் தொட்டுக்க 'இன்னைக்கு என்ன வெஞ்சனம் வைக்க'ன்னு கேட்டேன். 'இன்றைக்கு என்ன வஞ்சனை வைக்க'ன்னு எழுதிருச்சு. செம்பகம் விழுந்து விழுந்து சிரிச்சா. அவ சிரிச்சா ஒரு மாதிரி சத்தம் வரும், நாலு வீட்டுக்குக் கேக்கும். எங்க வீட்டுக்காரங்க கடையப் பத்தி, 'ஏவாரம் மட்டம்'னாக. 'ஏழு வாரம் மட்டம்'னு எழுதுச்சு. அதுக்கும் சிரிப்பு. எங்க மாமியாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மக சிரிக்கதப் பாத்து அவுகளும் சிரிச்சாக. அந்த மாதிரி ஒரு தீவாளி எங்க வீட்டுல வந்ததே இல்ல, உள்ளதச் சொல்லணும்ல.

பெறகு அவ அதக் கீழயே வைக்கல. பால்காரர்கிட்ட நீட்டுவா, காய்காரம்மாகிட்ட நீட்டுவா. டிவி முன்னால வச்சுக்கிட்டு நியூஸ் வாசிப்பா. பக்கத்து வீட்டுப் பிள்ளைக சண்ட போட்டாக்கூட சன்னல்கிட்டப் போயி போனப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. பசிச்சவன் சோத்தப் பாத்த மாதிரி. எனக்கே பாவமாத்தான் இருந்துச்சு.

ஆனா ஒரு வீட்டுல நூறு பேச்சு இருக்கும்மா. எல்லாத்தையும் ஒருத்தர் வாசிச்சுக்கிட்டே இருந்தா எப்படி? அவ போனும் கையுமா கூடத்துல இருக்கையில நான் அடுப்படியில இருந்து, 'ஊமச்சியச் சாப்பிடக் கூப்பிடுங்க'ன்னு கத்தியிருக்கேன். எப்பவும் சொல்றதுதான். ஊரே அப்படித்தான் சொல்லும், ஒரு அடையாளத்துக்கு. அது எழுதிருச்சு. போனத் தூக்கிக்கிட்டு வந்து எங்கிட்டக் காட்டுறா. அந்த வார்த்தையில வெரல வச்சுக்கிட்டு நிக்கா. மொகத்துல கோவமா, என்னன்னு தெரியல. நான் என்ன செய்ய? மிசின் தப்பா எழுதுதுன்னு கைய ஆட்டிச் சொன்னேன். 'வஞ்சனைன்னு எழுதுச்சுல்ல, அது மாதிரி.' அவ தலையாட்டுனா. சரி, அதோட போச்சுன்னு நெனச்சேன்.

அதுல இருந்து நாங்க எல்லாரும் அதையே சொல்ல ஆரம்பிச்சோம். எதாவது தப்பா விழுந்துட்டா, மிசின் தப்பு. அவ அண்ணன் ஒரு தடவ சாப்பிடையில, 'வீட்டுக்குள்ள போலீஸ ஒக்கார வச்ச மாதிரி இருக்கு'ன்னு சொல்லிட்டாக. போன் அப்ப ரசச் சட்டிக்குப் பக்கத்துல இருக்கு. அவ வாசிச்சா. போன எடுத்து மடிக்குள்ள வச்சுக்கிட்டா. 'மிசின் தப்பு'ன்னு அவுக சொல்லவும் இல்ல, அவ கேக்கவும் இல்ல.

இதெல்லாங்கூடப் பரவாயில்லம்மா. எங்க மாமியா விசயந்தான்.

சாயங்காலம் ஆனா கொல்லைப் படியில ஒக்காந்து மகளுக்குத் தல சீவி விடுவாக. நாப்பது வயசு ஆச்சு, இன்னும் அம்மாதான் சீவணும். மேல படியில இவுக, கீழ படியில அவ, அம்மா முழங்காலுக்கு நடுவுல முதுகச் சாச்சுக்கிட்டு. எண்ணெய் தேய்ச்சு, சிக்கெடுத்து, பின்னி முடிக்க வரைக்கும் பேச்சுத்தான். கடைசியில சடைக்குக் கட்டுப் போடையில மட்டும் சாமிகிட்டப் பேசுவாக. எங்க ஊரு அம்மன் பேரும் செண்பகவல்லிதான், அந்தப் பேரத்தான் மகளுக்கு வச்சிருக்காக. 'தாயே செண்பகவல்லி, எனக்கு முன்னால இவள எடுத்துக்கிடு. இவள ஒருத்தர் கையில விட்டுட்டுப் போற நெலம எனக்கு வேண்டாம். எங் கையால எல்லாம் செஞ்சு அனுப்பிட்டு, மறுநாளே நானும் வந்துருதேன்.'

இது புதுசு இல்ல. நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அடுப்படியில இருந்தா அந்தப் பேச்சுக் காதுல விழும். குக்கர் விசில் மாதிரி பழகிப் போச்சு. பெத்தவ அப்படித்தாம்மா கேப்பா. இந்த மாதிரிப் பிள்ளையப் பெத்த யாரு வீட்டுல வேணாலும் போயிக் கேட்டுப் பாரு. அது பாசந்தான். வேற என்ன?

அன்னைக்கு அவ மடியில போன் இருந்திருக்கு. எழுதியிருக்கு. எங்க மாமியா பின்னால ஒக்காந்திருக்காக, அவுகளுக்கு எப்படித் தெரியும்? மறுநாளும் மடியில போன். அதுக்கு மறுநாளும். எதோ விளையாட்டுப் பாக்கான்னு நெனச்சேன். நாங்கதான் மிசின் தப்பா எழுதும், தப்பா எழுதும்னு சொல்லியிருந்தோமே. தப்பாத்தான் இருக்கும், இன்னைக்கு வேற மாதிரி எழுதும்னு பாத்துக்கிட்டே இருந்திருப்பா போல. நாள் தவறாம அதே வேண்டுதல். அதே எழுத்து.

ஒரு நா திரும்பி ஒக்காந்து போன அம்மா மொகத்துக்கு நேரா நீட்டிட்டா. 'என்ன தாயி, போட்டாவா?'ன்னு கேட்டுட்டு எங்க மாமியா, 'ஏ சந்தனமாரி, இதுல என்ன இருக்குன்னு வாசி'ன்னாக. சந்தனமாரிங்கது நாந்தான். கையத் தொடச்சுக்கிட்டு வந்தேன். எனக்கு மட்டும் தெரியுமா, அதுல என்ன இருக்குன்னு? வாசிக்கச் சொன்னாக, வாசிச்சேன். 'எனக்கு முன்னால் இவளை எடுத்துக்கொள்.' ஒரு தப்பு இல்லாம எழுதியிருந்துச்சு. நான் வாசிக்க வாசிக்க, எஞ் சத்தத்தையும் கேட்டுட்டு அதுக்குக் கீழ மறுபடியும் எழுதுது. அதே வரி ரெண்டு தடவ.

எங்க மாமியா கையில சீப்பு அப்படியே நிக்கு. செம்பகம் போன வாங்கி என்னமோ தட்டுனா. போன் பேசுச்சு. ஒரு பொம்பளப் பிள்ளக் குரல், நியூஸ் வாசிக்க மாதிரி. 'நீ கோயிலில் அழும்போதெல்லாம் எனக்கு நல்லது கேட்கிறாய் என்று நினைத்தேன் அம்மா.' அவ எழுதுறது புஸ்தகத் தமிழாத்தான் இருக்கும், பேசிப் பழகுனாத்தான நம்ம பேச்சு வரும்.

'யாரு இது பேசுறது?'ன்னாக எங்க மாமியா.

'செம்பகந்தான் அத்தை. அவ எழுதுனத அது சொல்லுது.'

'செம்பகமா'ன்னாக. அம்புட்டுத்தான். அந்தப் போனையே பாத்துக்கிட்டு இருந்தாக. பெறகு முந்தானைய எடுத்து வாயப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்டாக.

அவளத் தனியா விடலாமா? நாந்தான் பக்கத்துல ஒக்காந்து, போனப் பாத்து மெதுவா, புரியுற மாதிரிச் சொன்னேன். 'ஒன் நல்லதுக்குத்தான் கேக்காக. நாளைக்கு அவுக போயிட்டா நீ எங்களுக்குப் பாரமாயிரக் கூடாதுல்ல, அந்தக் கவலதான்.' நல்லபடியாத்தான சொன்னேன்? அதையும் எழுதுச்சு. வாசிச்சா. என்னைய ஏறிட்டுப் பாத்தா. பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா. ஆறுதல் சொல்ல வந்தவளுக்கு ஒரு தலையாட்டல்கூட இல்ல.

உள்ள போனா, எங்க மாமியா அடுப்புப் பக்கத்துல செவத்தோட செவரா ஒக்காந்திருக்காக. 'கேக்காதுன்னுதான பேசுனேன்'னாக. 'நான் வேற யாருகிட்டப் பேச?'

அதுல இருந்து அவுக பேசலம்மா. எங்கிட்ட 'சோறு வையி', 'கதவச் சாத்து' இம்புட்டுத்தான். அதுவும் அவ இல்லையான்னு எட்டிப் பாத்துட்டு. அவ முன்னால வாயே தெறக்க மாட்டாக. தல மட்டும் சீவி விடுவாக. அந்தப் பின்னல் நேரத்துல எங்க வீடு அப்படி ஒரு அமைதியா இருக்கும். எனக்கே ஒரு மாதிரி ஆயிரும், ரேடியோவப் போட்டு விட்டுருவேன்.

அவ என்னென்னமோ செஞ்சு பாத்தா. போன அமத்தி, கறுப்பாயிருக்கதக் காட்டுனா. உள்ள கொண்டு போயி பீரோவுல வச்சுப் பூட்டிச் சாவிய அம்மா கையில குடுத்தா. வெறுங்கைய விரிச்சுக் காட்டிட்டு வந்து படியில ஒக்காந்தா. அப்பவும் அவுக பேசல. ஒரு நா மறுபடியும் அந்தப் போன எடுத்துட்டு வந்து எழுதுனா. அது சொல்லுது: 'முன்பெல்லாம் நீ பேசும்போது என் முதுகில் தெரியும் அம்மா. அதிரும். இப்போது அதிரவில்லை. நீ எதையாவது பேசு. நான் வாசிக்க மாட்டேன்.'

இம்புட்டு வருசமும் அவ அம்மா காலுல சாஞ்சு ஒக்காந்து எதக் கேட்டுக்கிட்டு இருந்தான்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. எங்க மாமியா அவ தலையில ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு அழுதாக. அழுகையிலயும் பல்லக் கடிச்சுக்கிட்டு, சத்தம் வராம. அழுகைய அந்தப் போன் எழுதிருமோன்னு பயந்த மாதிரி.

கோட ஆரம்பிக்கையில அவுகளுக்கு மூச்சு எளைக்க ஆரம்பிச்சுச்சு. இருதயம் வீங்கியிருக்குன்னாக. திருநவேலியில ஒரு ஆஸ்பத்திரியில சேத்தோம். செம்பகம் ஸ்டுடியோவுக்கு லீவு போட்டுட்டு அங்கயே கெடந்தா. டாக்டர் வந்தா போன நீட்டுவா, அவரு சொல்லுறதப் பூராம் அதுல வாசிச்சு, கேள்வி எழுதிக் கேப்பா. எந்த மாத்திர எப்பங்கிறதெல்லாம் அவதான். என்னையவிட அவளுக்குத்தான் நல்லாத் தெரிஞ்சுச்சு. அந்த வகையில அந்த மிசின் உதவிச்சு, இல்லைங்கல.

அவ அம்மா வாய்கிட்ட மட்டும் அதக் கொண்டு போகவே இல்ல.

அவ மருந்து வாங்கக் கீழ போன நேரத்துல எங்க மாமியா என்னையக் கூப்பிட்டாக. கிட்டக் குனிஞ்சேன். கொஞ்சம் பேசுனாக. மூச்சு வாங்கி வாங்கிப் பேசுனாக. மறுநாள் விடியவும் அடங்கிருச்சு. அவ அப்ப அம்மா நெஞ்சு மேல உள்ளங்கைய வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா. எங்களுக்கு முந்தி அவளுக்குத்தான் தெரிஞ்சுச்சு.

காரியம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல, 'நான் பாளையங்கோட்டைக்குப் போகிறேன்'னு அந்தப் போன் எங்க எல்லாருக்கும் சொல்லுச்சு. அவகூடப் படிச்ச ஜெபசெல்வின்னு ஒருத்தி அங்க இருக்கா. அவளுக்கும் காது கேக்காது, அவ வீட்டுக்காரனுக்கும் கேக்காது. மாடியில ஒரு ரூம் இருக்காம், ஆல்பம் வேலைய வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல செஞ்சு அனுப்பலாமாம். அவ அண்ணன் குதிச்சாக. 'கேக்குறவங்க நாங்க இருக்கையில, கேக்காதவங்க கூடப் போயி இருக்கப் போறியா'ன்னாக. போன் எழுதுச்சு. அவ வாசிச்சுட்டு, 'ஆமாம்'னு எழுதுனா. அத அந்தப் போன் அழகா, சாந்தமா சொல்லுச்சு.

நாங்க அவளுக்கு என்னம்மா கொற வச்சோம்? நீயே சொல்லு.

எங்க மாமியா போயி வருசம் ஆகுது, தலத்தெவசம் வருது. அண்ணன் கூப்பிடப் போக மாட்டேன்னுட்டாக. அதான் இன்னைக்கு நான் வந்தேன். ஞாயித்துக்கெழமைங்கவும் அந்த வீட்டுல இன்னும் நாலஞ்சு பேரு வந்திருக்காக, எல்லாம் கேக்காதவுக. வாசல்ல பெல்ல அடிச்சா உள்ள லைட்டு மின்னுது. நடுவுல என்னைய ஒக்கார வச்சுக் காப்பி குடுத்தாக. மரியாதைக்குக் கொறவில்ல. ஆனா அவுக பாட்டுக்குக் கையால பேசிக்கிறாக. சிரிக்காக. ஒருத்தி என்னையப் பாத்துட்டு என்னமோ கையக் காட்டுறா, இன்னொருத்தன் தலையாட்டுறான். என்னையப் பத்தித்தான் பேசுறாகளோன்னு காப்பியப் பாதியிலயே வச்சுட்டேன். ஒரு ஆள முன்னால ஒக்கார வச்சுக்கிட்டு, அந்த ஆளுக்குப் புரியாமப் பேசலாமாம்மா? அது என்ன பழக்கம்? செம்பகமும் அவுக கூடச் சேந்து கையால பேசுறா, எம்புட்டு வேகமா! மொகமெல்லாம் பேசுது. எங்க வீட்டுல இருந்தவ இவதானான்னு இருந்துச்சு. பெறகு ஜெபசெல்விதான் என்ன நெனச்சாளோ, எல்லாரையும் மாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா.

செம்பகம் எம் முன்னால போன வச்சா. பேசுங்கன்னு கையக் காட்டுனா. தெவசத்துக்கு வரணும்னு சொன்னேன். 'காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுவேன்'னு சொன்னா. அண்ணனுக்குச் சக்கர கூடியிருக்குன்னேன். இந்துஜாவுக்கு மாப்பிள்ள பாக்கோம்னேன். நீ இல்லாம வீடு வீடா இல்லன்னேன், ஒத்தையாளா எம்புட்டு வேலைதான் பாக்கன்னேன். எல்லாத்தையும் வாசிச்சா.

பெறகு எழுதுனா. அந்த நியூஸ் வாசிக்கப் பிள்ளக் குரலு கேக்குது: 'மதினி, அம்மா கடைசியாக உங்களிடம் என்ன சொன்னாள்? மருந்து வாங்கிவிட்டு வந்தபோது கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அம்மாவின் உதடுகள் அசைந்தன. நெடுநேரம் பேசினாள்.'

ஒரு வருசமா இத மனசுலயே வச்சிருக்கா, பாத்துக்க.

'தண்ணி கேட்டாக'ன்னேன்.

எழுதுச்சு. வாசிச்சா. 'அவ்வளவுதானா?'ன்னு கேட்டா.

'அம்புட்டுத்தான்'னேன்.

ஏம்மா அப்படிப் பாக்கே? நீ சின்னப்பிள்ள, ஒனக்குத் தெரியாது. எங்க மாமியா என்ன சொன்னாகன்னு ஒங்கிட்டச் சொல்றேன், நீ சொல்லு, இத எப்படிச் சொல்ல முடியும்னு. எங் கையப் பிடிச்சுக்கிட்டு, 'நான் கேட்டது தப்புன்னு அம்மங்கிட்டச் சொல்லிட்டேன் சந்தனமாரி'ன்னாக. 'அவ இருக்கட்டும். நெறைய நாளைக்கு இருக்கட்டும். அவ முதுகுல தெரிஞ்சிருக்காம்ல எம் பேச்சு. ஆனா இந்த வீட்டுல இருக்க வேண்டாம். ஒங்க கையில விட்டுட்டுப் போகப் பயந்துதான் அப்படிக் கேட்டேன். அவள எங்கயாவது போயி நல்லா இருக்கச் சொல்லு. அந்தப் போன்ல சொல்லு, அவ வாசிப்பா.' சொன்னது இதான்.

கூடவே இருந்து சோறு பொங்கிப் போட்டவகிட்டச் சொல்ற பேச்சா இது? சாகப் போறவுகன்னு நானும் கையத் தடவிக் குடுத்தேன். மொதப் பாதிய மட்டும் சொல்லலாம்னாலும் முடியாதும்மா. ஏன் தப்புன்னு சொன்னாக, எதுக்குப் பயந்தாகன்னு அவ கேப்பா. அந்த மிசின் நாம எதையாவது சொல்ல ஆரம்பிச்சா ஒண்ணையும் விட்டுட்டு எழுதாது. அவளும் போயிட்டா, நல்லாத்தான் இருக்கா. இனி சொல்லி என்ன ஆகப் போகுது?

அவ அதுக்கு மேல கேக்கல. போன அமத்தி வச்சுட்டு, எந்திரிச்சுப் போயி எனக்குச் சோறு போட்டா. நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு, எனக்குப் பிடிக்கும்னு. பஸ் ஏத்திவிடப் புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா. சன்னலோரமா எடம் பிடிச்சு ஒக்கார வச்சா. போயிருவான்னு பாத்தா, கீழ எறங்கிச் சன்னலுக்கு நேரா வந்து நிக்கா. அப்ப கையில போன் இல்ல. டிரைவரு வண்டிய எடுக்க வரைக்கும் எம் வாயையே பாத்துக்கிட்டு நின்னா.

நான் தண்ணி பாட்டிலத் தொறந்து வாயில ஊத்திக்கிட்டேன்.